மீன்பிடி ட்ராலரைக் கண்ணிவாரிக் கப்பலாக்குவது எப்படி?

கண்ணிவாரி என்பது கடலில் வைத்த வெடிகண்ணிகளை அகற்றும் கப்பல். வடகடலில் நிலக்கரியால் ஓடிய ட்ராலரில் பாதி வேலை ஏற்கெனவே முடிந்திருக்கும்: கனத்த வின்ச் (கம்பி சுருட்டும் இயந்திரம்), பாரம் இழுக்கவென்றே அமைந்த எஞ்சின், கம்பியைக் கையாண்டு பழகிய ஆட்கள். 1907-இல் பிரிட்டிஷ் அட்மிரல் பெரெஸ்ஃபோர்டு, கண்ணி வார இங்கிலாந்தின் மீன்பிடித் துறைமுகமான கிரிம்ஸ்பியின் ட்ராலர்களைச் சிபாரிசு செய்தது சும்மா இல்லை. இங்கே சொல்வது இரண்டாம் உலகப் போர்க்கால பிரிட்டிஷ் முறை.

மடியை (மீன்பிடிக்கும் இழுவலையை) கழற்றி இறக்குங்கள். மீன் அறையைக் கழுவி, பலகை அடித்துப் படுக்கை போடுங்கள் (வாடை போகாது). அணியத்தில் (கப்பலின் முன்முனையில்) 12 பவுண்டு குண்டு சுடும் '12 பவுண்டர்' பீரங்கி ஏறும். உதைப்பைத் தாங்க அடியில் தூண் கொடுக்காவிட்டால் தளம் நெளியும். வின்ச்சைத் தொட வேண்டாம். ஆனால் மடி பக்கவாட்டில் இறங்குவது. வாரும் கம்பியோ பின்பக்கம் போக வேண்டும். கப்பி வைத்துத் திருப்புங்கள். இழுவையிலிருக்கும் கம்பியின் மடக்குக்குள் யாரும் நிற்கக் கூடாது.

இனி கண்ணி வாரும் கருவியான ஒரொபெசா. இந்தக் கருவியைச் சோதித்த ட்ராலரின் பெயரே இதற்கு நிலைத்துவிட்டது. முதலில் மிதவை, அதிலிருந்து தொங்கும் ஆட்டர், பிறகு வாரும் கம்பி, கடைசியில் கைட். ஆட்டர் செய்வது மடி வாயை விரிக்கும் பலகையின் வேலைதான்: கம்பியை வெளிப்பக்கம் இழுக்கும். கைட் கப்பலோரக் கம்பியை ஆழத்தில் அமுக்கும். மிதவைக் கம்பியும் கைட் கம்பியும் ஒரே ஆழத்துக்கு அளந்து விடப்பட வேண்டும். இல்லையென்றால் வாரும் கம்பி சாய்ந்து ஓடும். அதற்கு அடியிலேயே கண்ணி தப்பிவிடும். கண்ணியின் நங்கூரக் கம்பி இதில் மாட்டி, வெளிப்பக்கம் வழுக்கிப்போய் வெட்டுக்கத்தியில் அறும். மேலே மிதந்து வரும் கண்ணியைத் தூரத்திலிருந்து ரைஃபிளால் சுடுவார்கள். கடலடியில் கிடக்கும் காந்தக் கண்ணிக்கு இது உதவாது. அறுக்க அங்கே நங்கூரக் கம்பியே கிடையாது.

அதிகம் கெடுவது திருப்பத்தில். வேகம் விழுந்தால் ஆட்டர் விரிவை இழந்து தரையில் குத்தும். அடுத்தது ஏற்றவற்றம். ட்ராலரின் பின்பக்கம் ஆழமாக அமிழ்ந்திருக்கும். வற்றத்தில் கண்ணி மேல்மட்டத்துக்கு நெருங்கிவிடும். ஆகவே ஏற்றத்தில் தொடங்குங்கள். பின்னால் வரும் கப்பல், முன்கப்பலின் மிதவைக்குச் சற்று உட்புறமாகவே, வாரி முடித்த நீரில் ஓட வேண்டும். முதல் கப்பலுக்கு அந்த வசதி இல்லை.

கம்பியைச் சுருட்டும்போதுதான் உயிர்ப்பயம். ஆட்டரில் சிக்கிய கண்ணி அதோடு சேர்ந்தே பின்பக்கத்தின் அடியில் வந்து நிற்கும். வின்ச்காரரையும் பார்வைக்கு ஒருவரையும் தவிர மற்றவர்களை முன்பக்கம் அனுப்புங்கள். ஆட்டர் நீர்மட்டத்துக்கு வருமுன் மெதுவாகச் சுற்றுங்கள். கொம்பு வைத்த உருண்டை தெரிந்தால் சுற்றுவதை நிறுத்தி, கம்பியை வெட்டிவிடுங்கள். கருவி போனால் போகட்டும்.