கைக்கு எட்டாத ஆயில் ஃபில்டரை மாற்ற

ஸ்போர்ட்ஸ் கார்களில் இன்ஜின் அறை நெருக்கமாக இருக்கும். 1989-இல் வந்த முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5 காரில் ஆயில் ஃபில்டர், இன்ஜினுக்குள் காற்றைக் கொண்டுபோகும் குழாய்த் தொகுப்பான இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில் ஒளிந்திருக்கும். மேலிருந்து கையை விட்டு மல்லுக்கட்ட வேண்டாம். காரை ஜாக்கில் தூக்கி, ஸ்டாண்டில் உறுதியாக நிறுத்தி, வலப்பக்க முன் சக்கரத்தைக் கழற்றிவிடுங்கள். அந்த இடைவெளி வழியாகக் கை தாராளமாகப் போகும். ஜாக்கை மட்டும் நம்பி காருக்கு அடியில் போகவே கூடாது.

இன்ஜின் வெதுவெதுப்பாக இருக்கும்போது ஆயிலை வடித்துவிடுங்கள். ஃபில்டர் இறுகியிருந்தால், அதன் தலையில் தொப்பி போல உட்காரும் ரென்ச்சும் அதை நீட்டிக்கும் நீளமான எக்ஸ்டென்ஷன் கம்பியும் போதும். ஸ்க்ரூடிரைவரால் குத்தித் திருப்பினால் தகடு கிழிந்து வேலை இரட்டிப்பாகும். சற்றுத் தளர்ந்ததும் ஃபில்டர் மேல் ஒரு பிளாஸ்டிக் பையைப் போர்த்திக் கழற்றினால் ஆயில் அதற்குள்ளேயே விழும்.

அப்புறம் முக்கியமானது: பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் இன்ஜினிலேயே ஒட்டியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். அதன் மேலேயே புதியதை மாட்டினால் ஆயில் பீய்ச்சியடிக்கும். புது ஃபில்டரின் வளையத்தில் ஆயில் தடவி, ஃபில்டரைத் திருகி, வளையம் இன்ஜினில் உட்கார்ந்த பின் கையாலேயே முக்கால் சுற்று இறுக்குங்கள். ஆயில் ஊற்றி, இன்ஜினைச் சிறிது நேரம் ஓடவிட்டுக் கசிவு பாருங்கள்.