அந்தக் காலத்தில் முப்பது வயதிலேயே கிழவனா? ஆயுள் கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

1947-ல் இந்தியரின் சராசரி ஆயுள் சுமார் 32. இன்று ஏறக்குறைய 70. இந்த இரண்டு எண்ணையும் வைத்துக்கொண்டு, "அப்போதெல்லாம் முப்பதிலேயே மனுஷன் கிழடு தட்டிப் போவான்" என்று அடித்துச் சொல்கிறவர்கள் உண்டு. பழைய புகைப்படத்தில் பொக்கைவாயோடு உட்கார்ந்திருக்கும் கொள்ளுப்பாட்டி அவர்கள் கண்ணில் படுவதே இல்லை.

சராசரியைச் சாகும் வயது என்று படிப்பதுதான் முதல் தவறு. ஒரு தாய்க்கு ஐந்து பிள்ளைகள் என்று வையுங்கள். இரண்டு, பிறந்த சில நாளிலேயே போய்விட்டன. மற்றவர்கள் 60, 65, 70 வரை இருந்தார்கள். கூட்டி ஐந்தால் வகுத்தால் 39. அந்த வீட்டில் 39 வயதில் செத்தவர் ஒருவருமில்லை! 1951 வாக்கில் நம் நாட்டில் பிறந்த 1,000 குழந்தைகளில் 146 பேர் முதல் ஆண்டைத் தாண்டவில்லை. 2020-ல் அது 28. சராசரியைக் கீழே இழுத்துப் பிடித்திருந்ததில் அந்தச் சின்னஞ்சிறு சாவுகளுக்குப் பெரிய பங்கு உண்டு.

கணித மேதை ராமானுஜன் வீட்டையே பாருங்கள். அவருக்குப் பின் பிறந்த மூன்று குழந்தைகள் முதல் பிறந்தநாளைக் காணவில்லை. அவருக்கே இரண்டு வயதில் பெரியம்மை கண்டு, பிழைத்தார். 1920-ல் 32 வயதில் இறந்தார். அவர் மனைவி ஜானகி 1994 வரை, 95 வயது வாழ்ந்தார்.

இதைக் கேட்டதும் சிலர் மறுகோடிக்குப் போய்விடுகிறார்கள்: "அப்போ குழந்தைச் சாவுதான் குறைந்தது, பெரியவர்களுக்கு அன்றும் இதே ஆயுள்தான்." அதுவும் தப்பு. பிரசவம், காசநோய், காலரா எல்லாம் நடுவயதுக்காரர்களையும் வாரிக்கொண்டு போயின. 1918-ன் விஷக்காய்ச்சல் (ஸ்பானிஷ் ஃப்ளூ) குறிவைத்ததே 20 முதல் 40 வயதுக்காரர்களைத்தான். 1921 கணக்கெடுப்பில் நாட்டின் மக்கள்தொகையே முந்தையதைவிடக் குறைந்திருந்தது.

சராசரி ஆயுளை ஜாதகம் போலப் பார்ப்பது இன்னொரு கோளாறு. 32 என்றால் 1947-ல் பிறந்தவர்கள் 1979-ல் போய்ச் சேர்ந்திருக்க வேண்டுமே! அது, அந்த ஆண்டின் சாவு விகிதம் கடைசிவரை மாறாமல் நீடித்தால் என்று போட்ட கணக்கு. தடுப்பூசியும் பெனிசிலினும் குளோரின் போட்ட தண்ணீரும் வந்து அதைப் பொய்யாக்கின. இன்றைய 70-ம் அப்படித்தான். 60-ஐத் தொட்டவருக்கு மேற்கொண்டு சராசரியாகச் சுமார் 18 ஆண்டுகள் இருக்கின்றன. ஓய்வுக்காலப் பணத்தை 70 வரைக்கும் மட்டும் ஒதுக்குகிறவர்கள் கவனிக்க.

கடைசியாக, வாட்ஸப்பில் தினமும் வரும் "கம்பும் கேழ்வரகும் தின்று நூறு வருஷம் வாழ்ந்தார்கள்". கேழ்வரகுக் கூழ் எனக்கும் பிடிக்கும். ஆனால் அதே கூழைக் குடித்து இருபத்தைந்தில் பிரசவத்தில் இறந்தவளுக்குத் திண்ணையில் உட்கார்ந்து பேரனிடம் கதை சொல்லக் கொடுத்துவைக்கவில்லை.