"அவங்க பாத்துப்பாங்க": கல்யாணத்துக்கு முந்தைய மூன்று மாதத்தில் நாம் செய்யும் தவறுகள்

தம்பி கல்யாணத்தன்று விடியற்காலை நாலரை மணிக்கு மண்டபத்தில் மாலை இல்லை. முகூர்த்தம் ஆறு மணிக்கு. எங்கள் வீட்டு வழக்கத்தில் முகூர்த்த மாலை பெண் வீட்டார் செலவு. அவர்கள் வழக்கத்திலோ மாப்பிள்ளை வீட்டார் வாங்கி வர வேண்டும். நிச்சயதார்த்தத்துக்கும் கல்யாணத்துக்கும் நடுவில் ஐந்து மாதம் இருந்தது. ஐஸ்கிரீம் எந்த ஃப்ளேவர் என்பதுவரை பேசினோம். மாலையைப் பற்றி ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. சித்தப்பா பைக்கை எடுத்துக்கொண்டு ஓடினார். கோயில் வாசலில் அப்போதுதான் கடையைத் திறந்துகொண்டிருந்த பூக்காரம்மா, வேறு யாரோ சொல்லி வைத்திருந்த மாலையை மனமிரங்கிக் கொடுத்தார், இரண்டு மடங்கு விலைக்கு.

அன்றைக்கு யாரும் எதையும் மறக்கவில்லை. இரண்டு வீட்டுக்கும் மாலை நினைவிருந்தது. "அவங்க பாத்துப்பாங்க" என்று இரண்டு வீடும் விட்டுவிட்டது, அவ்வளவுதான். அதற்குப் பிறகு எங்கள் குடும்பத்தில் இன்னும் இரண்டு கல்யாணங்களுக்கு ஓடியாடியதில், கடைசி மூன்று மாதத்துத் தவறுகளில் பெரும்பாலானவை இந்த வகைதான் என்று தெரிந்தது.

வழக்கம் கேட்கக் கூச்சப்படுவது

ஒரே ஊர், ஒரே சாதி என்றாலும் வீட்டுக்கு வீடு முறை மாறும். தாலி யார் செய்வது, கூறைப்புடவை யார் எடுப்பது, மெட்டி யார் வாங்குவது, நாதஸ்வரக்காரருக்கும் வாத்தியாருக்கும் பணம் யார் கொடுப்பது, மாப்பிள்ளை அழைப்புக் காருக்குப் பூ அலங்காரம் யார் பொறுப்பு, தாம்பூலப் பையில் தேங்காய் யார் கணக்கு. இதையெல்லாம் கேட்டால் "பணத்துக்குக் கணக்குப் பார்க்கிறார்கள்" என்று நினைப்பார்களோ என்று பெரியவர்கள் தயங்குவார்கள். கேட்காமல் விட்டால் வரும் மனஸ்தாபம் அதைவிடப் பெரிது.

ஒரு நோட்டில் பொருளை எழுதி, எதிரே மூன்று கட்டம் போடுங்கள்: யார் செலவு, யார் வாங்குவது, யார் கையில் மண்டபத்துக்கு வருகிறது. மூன்றாவது கட்டத்தைத்தான் எல்லோரும் விட்டுவிடுவார்கள். வாங்கியாயிற்று என்பதும் மண்டபத்தில் இருக்கிறது என்பதும் ஒன்றல்ல. தாலியைப் பத்திரமாக இருக்கட்டும் என்று வீட்டு பீரோவில் பூட்டிவிட்டு, முகூர்த்தத்துக்கு முன்னால் சாவியோடு ஆளை விரட்டிய கதை உங்கள் சொந்தத்திலேயே ஒன்று இருக்கும், விசாரித்துப் பாருங்கள்.

இந்த நோட்டு கல்யாணப் பெண், மாப்பிள்ளை இருவரிடமும் இருக்க வேண்டும். பெண்ணின் அம்மா தரகரிடம் சொல்லி, தரகர் மாப்பிள்ளையின் மாமாவிடம் சொல்லி, மாமா அவருக்குத் தோன்றியபடி வீட்டில் சொல்வதற்குள் "ஒரு பட்டு வேட்டி" என்பது "ஒரு பவுன் மோதிரம்" ஆகிவிடும். ராத்திரி பன்னிரண்டு மணிவரை போனில் பேசுகிற இரண்டு பேர் அதில் பத்து நிமிடத்தை இதற்கு ஒதுக்கினால் போதும்.

அதே போனில் இன்னும் இரண்டு விஷயம். யாருக்கு எவ்வளவு கடன் இருக்கிறது, மாதத் தவணை எவ்வளவு போகிறது என்று கல்யாணத்துக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். ரிசப்ஷன் மேடை அலங்காரத்துக்காகத் தனிநபர் கடன் வாங்கியவர்களை எனக்குத் தெரியும். நாலு மணி நேரத்தில் வாடிய பூவுக்கு நாலு வருடம் தவணை கட்டினார்கள். கல்யாணத்துக்குப் பிறகு எந்த ஊரில், யாரோடு குடியிருக்கப் போகிறோம் என்பதையும் "அப்புறம் பார்க்கலாம்" என்று தள்ளாதீர்கள்.

மண்டப ரசீதைப் படிக்காமல் விடுவது

மண்டபம் பதிவு செய்த அன்று அட்வான்ஸ் ரசீதைப் பர்ஸில் வைத்தவர்கள், கல்யாணம் முடிந்து கணக்குப் பார்க்கும்போதுதான் அதன் பின்பக்கத்தைத் திருப்புவார்கள். வாடகை என்பது தொடக்கம்தான். கரண்ட் பெரும்பாலும் யூனிட் கணக்கில் தனி. ஜெனரேட்டருக்கு டீசல் தனி. துப்புரவு, காஸ் சிலிண்டர், கூடுதல் அறை, சில இடங்களில் வெளியிலிருந்து வரும் சமையல்காரருக்கும் டெக்கரேஷன்காரருக்கும் ஒரு தொகை என்று நீளும். வாடகை மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. உண்டு. பேசிய தொகை அதைச் சேர்த்தா சேர்க்காமலா என்று இப்போதே கேளுங்கள்.

சாவி வாங்கும்போது கரண்ட் மீட்டரைப் போனில் ஒரு போட்டோ, காலி செய்யும்போது ஒரு போட்டோ. கல்யாண வீட்டுப் பெரியவர்கள் மீட்டர் பார்க்க மாட்டார்கள், கல்லூரி படிக்கும் தம்பி ஒருவனிடம் இதை ஒப்படைத்துவிடுங்கள். எத்தனை மணிக்கு உள்ளே விடுவார்கள், எத்தனை மணிக்குக் காலி செய்ய வேண்டும் என்பதும் முக்கியம். மதியம் மூன்று மணிக்கு அடுத்த கல்யாண வீட்டார் சாமானோடு வாசலில் நிற்க, இங்கே கடைசிப் பந்தி ஓடிக்கொண்டிருக்கும்.

பணம் கொடுப்பதிலும் ஒரு விஷயம். ஒரே நிகழ்ச்சிக்காக ஒருவரிடமிருந்து 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது என்று 2017 ஏப்ரல் முதல் வருமான வரிச் சட்டம் சொல்கிறது. நாலு தவணையாகப் பிரித்துக் கொடுத்தாலும் அது ஒரே கல்யாணக் கணக்குதான். அபராதம் வாங்கியவருக்குத்தான் என்றாலும், விவரம் தெரிந்த காண்ட்ராக்டர்கள் கடைசி நேரத்தில் "பேங்க்ல போடுங்க சார்" என்பார்கள். கையில் கட்டாக வைத்திருந்த பணத்தோடு முகூர்த்தத்துக்கு முதல் நாள் வங்கிக்கு யார் ஓடுவது?

பத்திரிகை எண்ணிக்கையை இலை எண்ணிக்கை என்று நினைப்பது

ஐந்நூறு பத்திரிகை அடித்தோம், ஆளுக்கு இரண்டு, ஆக ஆயிரம் இலை. இப்படிக் கணக்குப் போட்டால் ஒன்று சாம்பார் மிஞ்சும், இல்லை சாதம் பற்றாது. முதல் நாள் மாலை ரிசப்ஷன் வைக்கும் கல்யாணத்தில் உள்ளூர்க்காரர்கள், ஆபீஸ்காரர்கள் பெரும்பாலும் ராத்திரியே வந்து மொய் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். காலையில் நெருங்கிய சொந்தமும் வெளியூர்க்காரர்களும்தான். வேலை நாளில் முகூர்த்தம் என்றால் மதியச் சாப்பாட்டுக்குக் கூட்டம் இன்னும் குறையும். ஆகவே ராத்திரி, காலை டிபன், மதியம் மூன்றுக்கும் தனித்தனி எண்ணிக்கை சொல்லுங்கள். சமையல்காரர் "பாத்துக்கலாம் விடுங்க" என்றால் விடாதீர்கள்.

இலைக்கு இவ்வளவு என்று காண்ட்ராக்ட் என்றால் இலையை எண்ணுவது யார்? காண்ட்ராக்டரின் ஆள் மட்டும் எண்ணினால் அவர் சொன்னதுதான் கணக்கு. நம் ஆள் ஒருவர் ஒவ்வொரு பந்திக்கும் நின்று எண்ண வேண்டும். பெண்ணின் அப்பா நின்றால் வருகிறவர்களை யார் வரவேற்பது? பந்தியில் நிற்பதற்கென்று ஒரு மாமா எல்லாக் குடும்பத்திலும் இருப்பார், அவரைப் பிடியுங்கள். நாமே சாமான் வாங்கிக் கொடுத்து ஆள் வைத்துச் சமைப்பதென்றால் ஸ்டோர் ரூம் சாவி ஒரே ஒருவரிடம் இருக்கட்டும். எங்கள் வீட்டில் அது பெரிய அத்தை. முந்திரிப்பருப்பு கேட்டு வந்தவரை "எதுக்கு, எவ்வளவு, போன தடவை வாங்கினது என்னாச்சு" என்று கேட்டே பாதியைக் காப்பாற்றினார்.

விலை இறங்கும் என்று காத்திருப்பது

தங்கம் அடுத்த மாதம் இறங்கும் என்று நம்பி நின்றவர்கள், கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்னால் ஏறிய விலைக்கு வாங்கி, கடையில் இருந்த டிசைனை எடுத்துக்கொண்டு வருவதைப் பார்க்கிறோம். விலையை நம்மால் கணிக்க முடியாது. தேவையானதில் பாதியை மூன்று மாதத்துக்கு முன்பும் மீதியைச் சற்றுத் தள்ளியும் வாங்கினால் அடி விழுந்தாலும் பாதி அடிதான். பில்லில் பவுன் விலையை மட்டும் பார்க்காதீர்கள். சேதாரம், செய்கூலி கடைக்குக் கடை மாறும், அங்கேதான் பேரம் பேச இடம் இருக்கிறது. அதன் மேல் 3 சதவீதம் ஜி.எஸ்.டி. 2023 ஏப்ரல் 1 முதல் ஹால்மார்க் நகைகளில் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க ஹெச்.யு.ஐ.டி. குறியீடு, அதாவது ஒவ்வொரு நகைக்கும் உரிய தனி அடையாள எண், இருக்க வேண்டும். ஹால்மார்க் தரும் அரசு அமைப்பான பி.ஐ.எஸ்.ஸின் 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் அதைப் போட்டுக் கடையிலேயே சரிபார்க்கலாம். 2 லட்சத்துக்கு மேல் வாங்கினால் பான் எண் கேட்பார்கள், கையோடு கொண்டுபோங்கள்.

மெட்டிக்கு அளவு எடுக்க மறந்துவிடுகிறோம். அம்மி மேல் கால் வைத்து நிற்கும் பெண்ணின் விரலில் ஏறாத மெட்டியைப் போட்டு மாப்பிள்ளை அழுத்த, அந்த வலியும் வீடியோவில் பதிவாகும்.

பட்டுப்புடவை எடுத்த கையோடு ப்ளவுஸ் துணியைத் தையல்காரரிடம் கொடுத்துவிடுங்கள். ஆரி வேலை என்றால் வாரக்கணக்கில் ஆகும், முகூர்த்த மாதத்தில் அவர்களிடம் துணி குவிந்து கிடக்கும். கடைசி மாதத்தில் சில பெண்கள் மெலிவார்கள், சிலர் விருந்துக்குப் போயே பெருப்பார்கள். உள்ளே தையலுக்குத் துணி விடச் சொல்லி, கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்பு ஒருமுறை போட்டுப் பாருங்கள். மாப்பிள்ளைக்கும் இதே கதை. பஞ்சகச்சம் கட்டிப் பழகாதவர் முதல்முறையாக மணவறைக்குப் போகும்போது கட்டக் கூடாது. புதுச் செருப்பை நான்கு நாள் வீட்டில் போட்டு நடங்கள்.

பத்திரிகையும் பயணமும்

பத்திரிகை அச்சடித்து வந்த பிறகு கண்டுபிடிக்கும் தவறுகளில் மூன்று வகை உண்டு. தமிழ்த் தேதி, ஆங்கிலத் தேதி, கிழமை மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் இருப்பது. உயிரோடு இருக்கும் பெரியவருக்கு முன்னால் "காலஞ்சென்ற" விழுவது, அல்லது விழ வேண்டிய இடத்தில் விழாமல் போவது. மூன்றாவது, வீட்டில் கூப்பிடும் பெயரைப் போடுவது. ஆதாரில் இருக்கும் பெயரும் பத்திரிகையில் இருக்கும் பெயரும் வேறாக இருந்தால் பின்னால் பதிவு அலுவலகத்தில் விளக்கம் சொல்ல வேண்டிவரும். செல்லப்பெயர் போட்டே ஆக வேண்டுமென்றால் "என்கிற" என்று இரண்டையும் சேர்த்துப் போடுங்கள். ப்ரூஃபை மூன்று பேர் படிக்கட்டும். அதில் ஒருவர் சொந்தபந்தத்தின் முறை தெரிந்த பாட்டியாக இருக்கட்டும்.

வாட்ஸப்பில் அனுப்பிய பத்திரிகை தகவல் மட்டும்தான். தாய்மாமன் வீட்டுக்கும் அத்தை வீட்டுக்கும் தட்டில் வெற்றிலை பாக்கு வைத்துப் போய் அழைக்க வேண்டும். இதற்கு வார இறுதிகள்தான் கிடைக்கும், மூன்று மாதத்தில் அவை பன்னிரண்டு, பதிமூன்றுதான். எந்த ஊர் எந்த ஞாயிறு என்று முன்பே பிரித்துக்கொள்ளுங்கள்.

வெளியூர்ச் சொந்தங்களுக்கு ரயில் டிக்கெட்டைப் பற்றி நாமே ஞாபகப்படுத்த வேண்டும். 2024 நவம்பர் 1 முதல் முன்பதிவு 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்துவிட்டது, பழைய கணக்கில் இருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இரவு 12 மணி தாண்டிக் கிளம்பும் ரயிலுக்கு முதல் நாள் தேதியில் பதிவு செய்தோ, டிக்கெட்டில் உள்ள தேதியன்று ராத்திரி ஸ்டேஷனுக்குப் போயோ தவிப்பவர்கள் தனி. தேனிலவுக்கு வெளிநாடு போகிறவர்கள், பாஸ்போர்ட்டில் உள்ள பெயரிலேயே டிக்கெட் போடுங்கள். கணவன் பெயரை ஆசையாகச் சேர்த்துப் போட்டால் விமான நிலையத்தில் ஆசை நிற்காது.

பூவையும் சொல்லிவிடுகிறேன். தை முகூர்த்தம் என்றால் மார்கழிப் பனியில் மல்லி வரத்து விழுந்து கிலோ ஆயிரங்களில் போகும். முகூர்த்த நாளில் அதற்கு மேலும் ஏறும். பூக்காரரிடம் விலை பேசி அட்வான்ஸ் கொடுத்துவிட்டு, வேறு பூ கலந்து கட்டலாமா என்பதையும் சேர்த்தே கேளுங்கள். மாலை யார் பொறுப்பு என்றும்.

உடம்பு

கடைசி மாதத்தில் புது க்ரீம், புது ஃபேஷியல், புது டயட் எதுவும் வேண்டாம். முகம் வீங்கினால் சரியாக அவகாசம் இருக்க வேண்டும், செய்வதென்றால் இரண்டு மாதம் முன்பே செய்து பாருங்கள். ராத்திரி பதினொன்றுக்கு ரிசப்ஷன் முடிந்து, போட்டோ எடுத்துப் படுக்கையில் விழ ஒரு மணி ஆகும். ஆறு மணி முகூர்த்தத்துக்கு மேக்கப்காரர் மூன்று மணிக்குக் கதவைத் தட்டுவார். இரண்டு மணி நேரத் தூக்கத்தோடு ஹோமப் புகையில் உட்கார வேண்டும். ரிசப்ஷனை எட்டரைக்குள் முடிப்பதாகப் போட்டோகிராபரிடமும் மேடைக்கு வருகிறவர்களை ஒழுங்குபடுத்துபவரிடமும் கண்டிப்பாகச் சொல்லிவையுங்கள். எண்ணூறு பேர் சாப்பிட்ட கல்யாணத்தில் மணமக்கள் பட்டினி என்பது எங்கள் வீட்டிலும் நடந்தது. ஒரு சித்தியையோ தோழியையோ இதற்கென்றே நியமியுங்கள்: மேடைக்குப் போகும் முன் இருவருக்கும் இரண்டு இட்லியாவது ஊட்டிவிட்டு அனுப்புவது அவர் வேலை.

கடைசியில் தள்ளப்படும் காகிதம்

தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி எந்த மதத்துக் கல்யாணமும் பதிவு செய்யப்பட வேண்டும். கல்யாணம் ஆன 90 நாளுக்குள் பதிய வேண்டும். தவறினால் கூடுதல் கட்டணத்தோடு இன்னும் 60 நாள். விசாவுக்கு விண்ணப்பிக்கும்போதுதான் பலருக்கு இந்தச் சான்றிதழ் ஞாபகம் வருகிறது. மதச் சடங்கில்லாமல் சிறப்புத் திருமணச் சட்டத்தில் செய்கிறவர்களுக்கு வரிசை தலைகீழ். அங்கே 30 நாள் முன்னறிவிப்பு கொடுத்த பிறகுதான் திருமணமே, ஆகவே மூன்று மாதத்தில் முதல் வேலை அதுவாக இருக்க வேண்டும்.

மற்றவர்கள் இரண்டு பத்திரிகை, இருவரின் வயது, முகவரிச் சான்றுகள், பாஸ்போர்ட் அளவு படங்கள் எல்லாவற்றையும் கல்யாணத்துக்கு முன்பே ஒரு கவரில் போட்டு, கையெழுத்துப் போடும் சாட்சிகளிடமும் சொல்லி வைத்துவிடுங்கள். மறுவீட்டு விருந்து முடிந்த வாரமே சார்பதிவாளர் அலுவலகம் போய்விட்டால், கல்யாண ஆல்பம் வருவதற்கு ரொம்ப நாள் முன்னாலேயே சான்றிதழ் கைக்கு வந்துவிடும். எங்கள் தம்பி ஆல்பம் இன்னும் வரவில்லை.