எம்டிபியில் ரோடு பைக் கிராங்க் மாட்டுமுன் அளக்க வேண்டியவை

ஆபீஸ் போக எம்டிபி (மவுண்டன் பைக் எனும் மலைச் சைக்கிள்) ஓட்டுபவர்களுக்கு, ரோடு சைக்கிளின் கிராங்க் (பெடல் கைகளும் முன் பல் சக்கரங்களும் சேர்ந்த பாகம்) மாட்டினால் வேகம் கூடுமே என்ற ஆசை வரும். மாட்டலாம். ஆனால் வாங்குமுன் ஃபிரேமில் பாட்டம் பிராக்கெட் (கிராங்கின் தண்டு சுழலும் பேரிங் தொகுதி) உட்காரும் குழாயின் அகலத்தை அளந்துவிடுங்கள். 68 மி.மீ. என்றால் வழியுண்டு. 73 என்றால், கிராங்கோடு சேர்ந்தே வரும் 24 மி.மீ. தண்டுள்ள ஷிமானோ ரோடு கிராங்குக்கு நீளம் போதாது, விட்டுவிடலாம்.

பெரிய தொல்லை இடைவெளிதான். ரோடு கிராங்கின் 50 பல் சக்கரம் உள்ளே தள்ளி உட்காரும். அகல டயருக்காக வெளியே வளைந்திருக்கும் எம்டிபி செயின்ஸ்டேயில் (பாட்டம் பிராக்கெட்டிலிருந்து பின் சக்கரத்துக்குப் போகும் ஃபிரேம் குழாய்) பல் உரசும். பழைய சதுரத் தண்டு வகை என்றால் 118 அல்லது 122.5 மி.மீ. தண்டு போட்டுக் கொஞ்சம் வெளியே தள்ளலாம். அப்புறம் செயின் நீளமாக வேண்டும், முன் டிரெய்லியரை (முன் பல் சக்கரங்களுக்கிடையே செயினை மாற்றும் கருவி) மேலே ஏற்ற வேண்டும்.

என்னைக் கேட்டால், 48, 36, 26 பல் கொண்ட மூன்று சக்கரமுள்ள ட்ரெக்கிங் (நெடுந்தூரச் சைக்கிள்) கிராங்கே தலைவலி குறைவு. அதுகூடத் தேவையா என்று பாருங்கள்: 26 இஞ்ச் சக்கரத்தில், முன்னால் 42, பின்னால் 11 பல் போட்டு நிமிடத்துக்கு 80 சுற்று மிதித்தாலே மணிக்குச் சுமார் 38 கி.மீ. வரும். சிக்னலுக்குச் சிக்னல் நிற்கும் ஊரில் இதற்கு மேல் எங்கே போவது? முதலில் கட்டை டயரைக் கழற்றிவிட்டு வழுவழு டயர் போட்டுப் பாருங்கள்.