ஜீரோ விமானத்தை எடைபோடும்போது எங்கே சறுக்குகிறோம்?

இரண்டாம் உலகப் போரின் ஜப்பானியச் சண்டை விமானமான மிட்சுபிஷி ஜீரோவைப் பற்றி இரண்டு விதமான பேச்சுதான் காதில் விழும். ஒன்று, யாராலும் நெருங்க முடியாத விமானம். மற்றொன்று, பறக்கும் தீப்பெட்டி. இரண்டுக்கும் காரணம் ஒன்றே என்பதைக் கவனிக்காமல் விடுவதுதான் பெரிய தவறு.

1937-இல் ஜப்பானியக் கடற்படை கேட்ட வேகம், தூரம், திருப்பம் எல்லாவற்றையும் 1,000 குதிரைத்திறன்கூட இல்லாத சகாயே என்ஜினை வைத்துக்கொண்டு மிட்சுபிஷியின் வடிவமைப்பாளர் ஜிரோ ஹொரிகோஷியின் குழு கொடுத்தாக வேண்டும். எடையில்தான் கைவைக்க முடிந்தது. ஜீரோவின் தொடக்க ரகமான ஏ6எம்2-இன் காலி எடை சுமார் 1,680 கிலோ. விமானியின் முதுகுக்குப் பின்னால் கவசத் தகடு கிடையாது. தோட்டா துளைத்தால் பெட்ரோல் பட்டு உப்பி ஓட்டையை அடைக்கும் ரப்பர் உறையும் டேங்குகளில் இல்லை. அதைப் போட்டால் எடை கூடும், டேங்கில் பிடிக்கும் பெட்ரோலும் குறையும். 'பாதுகாப்பை மறந்துவிட்டார்கள்' என்று எழுதாதீர்கள், தெரிந்தேதான் விட்டார்கள். உள்ளே 518 லிட்டர், வயிற்றுக்கடியில் கழற்றிவிடும் டேங்கில் 330 லிட்டர். அதனால்தான் 1942-இல் தென் பசிபிக்கில் ஜப்பானியத் தளமான ரபவுலிலிருந்து ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர் பறந்து, குவாடல்கனால் தீவில் சண்டையிட்டுத் திரும்ப முடிந்தது. அடிபட்டாலும் அதே 1,000 கிலோமீட்டரைத்தான் கடக்க வேண்டும் என்பது வேறு விஷயம்.

'குறுகலாகத் திரும்பும்' என்று சொல்லும்போது எந்த வேகத்தில் என்பதையும் சொல்ல வேண்டும். அலாஸ்காவின் அலூஷியன் தீவுகளில் ஒன்றான அகுடானில் விழுந்த ஜீரோவை அமெரிக்கர்கள் சீர்செய்து, 1942 செப்டம்பரில் சான்டியேகோவில் ஓட்டிப் பார்த்தார்கள். 200 நாட், அதாவது மணிக்குச் சுமார் 370 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் ஐலரான்கள் (விமானத்தைப் பக்கவாட்டில் உருட்டும் இறக்கை மடல்கள்) இறுகிவிடுகின்றன; உருள்வது மந்தமாகிறது, அதிலும் இடப்பக்கத்தைவிட வலப்பக்கம் உருள்வது கடினம். மூக்கைச் சட்டென்று கீழே தள்ளினால் மிதவைக் கார்புரேட்டரில் (என்ஜினுக்குப் பெட்ரோலைக் காற்றோடு கலந்து தரும் கருவி) பெட்ரோல் தடைப்பட்டு என்ஜின் திணறுகிறது. ஜீரோ துரத்தினால் தப்பும் வழியும் இதிலேயே இருந்தது: மூக்கைத் தள்ளிப் பாய்ந்து, வேகம் ஏறியதும் வலப்பக்கம் உருள்வது. கீழே போதிய உயரம் இருந்தால்தான் இது பலிக்கும்.

கார்புரேட்டரை வைத்து 'ஜப்பானியத் தரம்' என்று சிரிப்பவர்கள் பிரிட்டனின் ஸ்பிட்ஃபயர் சண்டை விமானத்தைப் பார்க்கட்டும். 1940-இல் அதன் மெர்லின் என்ஜினும் இப்படியே திணறியது. பிரிட்டிஷ் பொறியாளர் பியாட்ரிஸ் ஷில்லிங் வடிவமைத்த, நடுவில் துளையிட்ட சின்ன உலோக வளையம் ஒன்றுதான் 1941-இல் அதை ஓரளவு சரிசெய்தது.

எதிரி யார் என்று பார்க்காமல் மதிப்பெண் போடுவதும் தவறு. ஜெர்மன் மெஸ்ஸர்ஷ்மிட் 109-ஐவிடக் குறுகலாகத் திரும்பும் பிரிட்டிஷ் சண்டை விமானமான ஹரிக்கேன், 1942 ஏப்ரலில் கொழும்பு, திருகோணமலை வான்வெளியில் ஜீரோவிடம் அதே வித்தையைக் காட்டி எடுபடவில்லை.

வேகத்தை உயரம் குறிப்பிடாமல் எழுதாதீர்கள். அமெரிக்கச் சோதனையில் 16,000 அடியில் கிடைத்த வேகத்தைவிடக் கடல்மட்டத்தில் மணிக்கு ஏறத்தாழ 90 கிலோமீட்டர் குறைந்தது. ஆயுதமும் அப்படித்தான்: இரண்டு 20 மிமீ பீரங்கி என்றால் மிரட்டலாக இருக்கும், ஆனால் ஒவ்வொன்றிலும் 60 குண்டுகள்தான், ஏழு விநாடியில் காலி.

'அகுடான் ஜீரோவைப் பார்த்துத்தான் ஹெல்கேட்டை வடிவமைத்தார்கள்' என்ற கதையும் சுற்றுகிறது. அமெரிக்கக் கடற்படைச் சண்டை விமானமான ஹெல்கேட் முதன்முதலில் பறந்தது 1942 ஜூன் 26. அகுடானில் ஜீரோ கண்ணில் பட்டதே ஜூலையில்தான்.