பழைய பிரிட்டிஷ் கார்கள்: பெயரை நம்பி ஏமாறாதீர்கள்

பழைய பிரிட்டிஷ் செடான், எஸ்டேட் (டிக்கி வரை கூரை நீண்ட) கார்களைப் பற்றி ஆர்வலர்களிடம் கேட்டால் தீர்ப்பு உடனே வந்துவிடும். மோரிஸ் மைனரா? கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். ஆஸ்டின் அலெக்ரோவா? பக்கத்திலேயே போகாதே. ட்ரையம்ஃப் டாலமைட் ஸ்பிரின்டா? என்ஜின் சூடேறிப் படுத்துவிடும்.

இந்தப் பேச்சில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் ஐம்பது வருஷமான ஒரு காரின் நிலைமை மாடலைவிட, அதை வைத்திருந்தவர்கள் எப்படிப் பார்த்துக்கொண்டார்கள் என்பதைப் பொறுத்தது. 1973இல் வந்த ஸ்பிரின்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 16 வால்வு, அலுமினிய ஹெட் (என்ஜினின் மேல்மூடி), அந்தக் காலத்துக்குப் பெரிய விஷயம். என்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட்டை மாற்றாமல் வருஷக்கணக்கில் விட்டால் ரேடியேட்டர் அடைத்து ஹெட் வளைந்துவிடும். ஒழுங்காகப் பராமரித்த வண்டியோ இன்றும் அருமையாக ஓடுகிறது. பெயரை நம்பி வாங்குவதும், பெயருக்குப் பயந்து நல்ல வண்டியை விடுவதும் ஒரே தவறுதான்.

வெளிப்பளபளப்பைப் பார்த்து மயங்குவது அடுத்த தவறு. இதில் அதிகம் ஏமாற்றுவது ரோவர் பி6. 1963இல் அறிமுகமாகி, ஐரோப்பாவின் 'ஆண்டின் சிறந்த கார்' விருதை முதன்முதலாக வாங்கிய வண்டி. இதன் வெளித்தகடுகள் பாரம் தாங்குவதில்லை. உள்ளே முழு எலும்புக்கூடு ஒன்று இருக்கிறது. கதவு, விங் (சக்கரத்தின் மேல்தகடு), பானெட் எல்லாம் அதன்மேல் போல்ட் போட்டு மாட்டியவை. அதனால் உள்ளே துரு தின்றுகொண்டிருக்கும்போதே வெளியே புதுத் தகடு மாட்டி, பெயின்ட் அடித்து, புத்தம்புதிதாகக் காட்டிவிடலாம். பின் சீட்டைத் தூக்கச் சொல்லுங்கள். அதன் அடியில், கதவுக்குக் கீழே உள்ள பக்கவாட்டு சில் கவர்களுக்குப் பின்னால், டிக்கியின் உள்மூலைகளில் டார்ச் அடித்துப் பாருங்கள். விற்பவர் சீட்டைத் தூக்கத் தயங்கினால் கிளம்பி வந்துவிடலாம். ஹேண்ட்பிரேக்கையும் இழுத்துப் பாருங்கள். பின் பிரேக் டிஸ்க்குகள் சக்கரத்தோரம் இல்லாமல் வண்டியின் நடுவில் டிஃபரன்ஷியலை ஒட்டி இருப்பதால் கை போவதே கஷ்டம். அதனாலேயே பலரும் அதைத் தொடாமல் விட்டிருப்பார்கள்.

மோரிஸ் மைனர் ட்ராவலர் எஸ்டேட்டிலும் இதே கதை, ஆனால் மரத்தில். 1953 முதல் 1971 வரை வந்த இந்த வண்டியின் பின்பாதியில் தெரியும் ஆஷ் மரச்சட்டம் அலங்காரம் என்றே பலரும் நினைக்கிறார்கள். இல்லை, பின்பக்க பாடியைத் தாங்குவதே அதுதான். மரம் இற்றுப்போனால் பிரிட்டனின் எம்.ஓ.டி. சோதனையில் (சாலைத் தகுதிக்கான வருடாந்திர சோதனை) வண்டி தேறாது. வார்னிஷ் மினுமினுப்பை விடுங்கள். கீழ்ச்சட்டத்தையும், வீல் ஆர்ச்சை ஒட்டிய இணைப்புகளையும், பின்கதவின் அடிமூலைகளையும் கட்டைவிரலால் அழுத்துங்கள். கறுத்திருந்தாலோ மெத்தென்று அமுங்கினாலோ வேலை இருக்கிறது. "மரம்தானே, அப்புறம் மாற்றிக்கொள்ளலாம்" என்பவர்கள் அதற்கு ஆகும் கூலியைச் சொல்வதில்லை.

ஒரு காருக்குச் சொன்ன யோசனையை இன்னொரு காருக்குப் போடுவது, என் பார்வையில், இருப்பதிலேயே ஆபத்தானது. முன்சக்கரத்தைத் தாங்கி, அது திரும்ப உதவும் ட்ரனியன் என்ற மரை இணைப்பு மைனரிலும் உண்டு, ட்ரையம்ஃப் ஹெரால்டிலும் உண்டு. (சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு இதன் உறவுதான்.) மைனருக்குக் கிரீஸ் அடிக்க வேண்டும். ஹெரால்டுக்கு நிறுவனம் சொன்னது ஈ.பி. 90 கியர் ஆயில். ஹெரால்டில் கிரீஸ் அடித்தால் அது மரையின் அடிவரை இறங்காது; தண்ணீர் தேங்கி, இரும்பு உள்ளுக்குள்ளேயே அரித்து, ஒருநாள் திருப்பத்தில் முறிந்து சக்கரம் மடங்கிவிடும். எந்தக் காருக்கு எது என்று அதன் கையேட்டைப் பார்த்துவிடுங்கள்.

இந்தக் கார்களில் பலவற்றுக்கு லைட், வயரிங் சாமான்கள் தந்த லூகாஸ் நிறுவனத்தின் மின்சாதனங்கள்மேல் ஆளாளுக்குப் பழி போடுவார்கள். லைட் மங்கினால் முதலில் எர்த் இணைப்பை (வயர் பாடியோடு சேரும் இடம்) கழற்றிச் சுரண்டி மாட்டுங்கள். பாதிப் புகார் அங்கேயே தீர்ந்துவிடும்.

நாற்பது வருஷம் தாண்டிய, பெரிய மாற்றம் செய்யாத கார்களுக்கு 2018 மே முதல் பிரிட்டனில் எம்.ஓ.டி. கட்டாயமில்லை. சிலர் இதையே நற்சான்றிதழ் மாதிரிச் சொல்லி விற்கிறார்கள். வருஷக்கணக்காக யாரும் அடியில் பார்க்கவில்லை என்பதுதான் அதற்கு அர்த்தம். வண்டி சாலைக்குத் தகுதியாக இருக்க வேண்டிய பொறுப்பு இன்னும் உரிமையாளருடையதே. பழைய சோதனை விவரங்களை அரசுத் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். காசு கொடுப்பதற்கு முன் ஒரு சோதனை செய்துதரச் சொல்லிக் கேளுங்கள்.

வாங்கியதும் செய்ய வேண்டியது பெட்ரோல் குழாய்களை மாற்றுவது. 2021 செப்டம்பர் முதல் அங்கே சாதாரண பெட்ரோல் இ10, அதாவது 10 சதவீதம் வரை எத்தனால். பழைய ரப்பர் அதைத் தாங்காது. இ5 சூப்பர் பெட்ரோல் போடுவது நல்லது, ஆனாலும் வெடிப்பு விட்ட குழாயோடு ஓட்டாதீர்கள். இந்தக் கார்கள் பலவற்றில் கார்புரேட்டருக்குப் பக்கத்திலேயே புகை வெளியேறும் சூடான மேனிஃபோல்டு இருக்கிறது. கசியும் பெட்ரோல் அதன்மேல் விழுந்தால் வண்டியே எரிந்துவிடும்.