பழைய விண்டோஸ் 7 கணினியில் ஒலி பிந்தி வந்தால்

கிருஷ்ணகிரியில் வீட்டு மாடியறையில் தெருக்கூத்துப் பாடல்களைப் பதிவு செய்வதற்காக, 4ஆம் தலைமுறை ஐ5 செயலியைக் கொண்டு நானே அசெம்பிள் செய்த கணினி இன்றும் விண்டோஸ் 7-இல்தான் இயங்குகிறது. அந்த இயங்குதளத்துக்கான ஆதரவு 2020 ஜனவரி 14 அன்றே முடிந்துவிட்டது. ஒருநாள் முகவீணை வாசிக்க வந்த பெரியவர் பாதியில் ஹெட்ஃபோனைக் கழற்றி, "தம்பி, நான் ஊதுறது எனக்கே பிந்தி வருது" என்றார்.

எதையும் மாற்றுவதற்கு முன் தாமதத்தை அளந்துவிட வேண்டும். ஸ்பீக்கரை அணைத்து, நேரடி மானிட்டரிங்கையும் (உள்ளே வரும் ஒலியைக் கணினிக்குப் போய்வராமலே ஹெட்ஃபோனுக்குத் தரும் வசதி) நிறுத்திவிட்டு, ஆடியோ இன்டர்ஃபேஸின் (மைக்கையும் ஹெட்ஃபோனையும் கணினியோடு இணைக்கும் பெட்டி) வெளியீட்டிலிருந்து அதன் உள்ளீட்டுக்கே ஒரு கேபிளைச் செருகி, ஒரு 'டிக்' ஒலியை ஓடவிட்டுப் பதிவு செய்யுங்கள். மென்பொருள் தானாகச் செய்யும் தாமத ஈடு அணைந்திருக்கட்டும். ஓடவிட்ட டிக், பதிவான டிக் ஆகிய இரண்டின் அலைவடிவங்களுக்கும் இடையே 1,100 சாம்பிள் (ஒலியின் தனித்தனி அளவீடுகள்) இருந்தால், விநாடிக்கு 44,100 சாம்பிள் எடுக்கும் 44,100 ஹெர்ட்ஸில் அது ஏறத்தாழ 25 மில்லி விநாடி.

என் கணினியில் பஃபர், அதாவது ஒலியைக் கையாளும் முன் சேர்த்து வைக்கும் தற்காலிக இடம், 1,024 சாம்பிளாக இருந்தது. போக 23, வர 23 என்று பஃபர் மட்டுமே 46 மில்லி விநாடியை விழுங்கியது. அதற்குள் ஒலி காற்றில் கிட்டத்தட்ட 16 மீட்டர் போய்விடும், அதாவது பெரியவர் தம் வாசிப்பைக் கூத்துக் களத்தின் கடைசி வரிசையிலிருந்து கேட்டிருக்கிறார். பஃபரை 128-ஆகக் குறைத்தால் ஒரு வழித் தாமதம் 3 மில்லி விநாடிக்கும் கீழே இறங்கும். இன்டர்ஃபேஸுக்கென்று தனி ஏசியோ டிரைவர் (தாமதத்தைக் குறைக்கும் ஒலி டிரைவர் வகை) இல்லையெனில் ஏசியோ4ஆல் என்னும் பொது டிரைவர் போதும். விண்டோஸ் 7-க்காகத் தயாரிப்பாளர் கடைசியாக வெளியிட்ட டிரைவரையே நிறுவுங்கள்; கையொப்பப் பிழை காட்டினால், டிரைவர்களின் டிஜிட்டல் கையொப்பத்தில் பயன்படும் எஸ்ஹெச்ஏ-2 முறைக்கு ஆதரவைத் தரும் கேபி4474419 புதுப்பிப்பு விடுபட்டிருக்கக்கூடும்.

பஃபரைக் குறைத்ததும் படபடவென்று வெடிப்பொலி கேட்டால், உடனே ஆடியோ டிரைவரைக் குறை சொல்ல வேண்டாம். வேறொரு டிரைவர் செயலியை நெடுநேரம் பிடித்து வைத்திருக்கலாம். லேட்டன்சிமான் என்னும் கருவியைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, டிரைவர் பட்டியலை அதிக நேரம் எடுத்தவை மேலே வருமாறு வரிசைப்படுத்திப் பாருங்கள். எனக்கு என்டிஐஎஸ்.சிஸ் முதலில் நின்றது. அது வலையமைப்புக்கு உரியது. டிவைஸ் மேனேஜரில் வைஃபை அடாப்டரை முடக்கியதும் வெடிப்பு அடங்கியது. பாதுகாப்புப் புதுப்பிப்பு வராத கணினியை இணையத்தில் வைத்திருப்பதே தவறு என்பதால், அந்த அடாப்டரை நான் மீண்டும் இயக்கவே இல்லை.

அதன் பிறகும் ஒலி சிதறினால், பவர் திட்டத்தை ஹை பெர்ஃபார்மன்ஸுக்கு மாற்றி, யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்டை (மின்சாரம் சேமிக்க யூஎஸ்பி கருவிகளை உறங்கவைக்கும் அமைப்பு) அணையுங்கள். கடைசியாக பயாஸில் (மதர்போர்டின் அடிப்படை அமைப்புத் திரை) சி-ஸ்டேட்டை, அதாவது வேலையில்லாதபோது செயலி உறங்கும் நிலைகளை, நிறுத்திப் பார்க்கலாம். விண்டோஸ் 7-இல் யூஎஸ்பி 3.0-க்கான டிரைவர் உள்ளமைந்திருக்காது என்பதால், இன்டர்ஃபேஸை ஹப் வழியாகவோ கேபினெட்டின் முன்புறத்திலோ செருகாமல், மதர்போர்டின் பின்புற யூஎஸ்பி 2.0 துளையில் செருகுவதே நல்லது.

இப்போது பதிவின்போது 128, மிக்ஸிங்கின்போது 1,024 என்று வைத்துக்கொள்கிறேன். மிக்ஸிங்கில் யாரும் ஹெட்ஃபோனோடு உட்கார்ந்து வாசிப்பதில்லை.